சட்டத்தில் பிள்ளைக்கு இடம் தேடியவர்: மர்ஹூம் அஹ்மது இப்ராஹீம் அவர்கள்

 

நம் மடலில் பெரியோர்களின் சரிதைகள் வந்து கொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆலிம்களைப் பற்றியும், பள்ளிவாசல் கட்டிய தனவந்தர்களைப் பற்றியும் நிறையப் படித்திருக்கிறோம். இம்முறை ஒரு வக்கீலைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறோம். வக்கீல் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். கோர்ட்டுப் படி ஏறாதவனே பாக்கியசாலி என்று சொல்லித்தான் நம் பெரியவர்கள் நம்மை வளர்த்தார்கள். நாமும் நாற்பது வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த எண்ணம் எப்படி மாறிற்று என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சரிதைக்குள் செல்கிறோம்.

நாம் மத்ரஸாவில் ஓதியவர்; ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர்; மளிகைக் கடை வைத்துப் பிழைப்பவர். கடைக்காரனுக்கு ஊர்க் கதை முழுவதும் தெரியும் என்பார்கள். அது கடன் நோட்டினால் தெரிகிற கதை. எந்த வீட்டில் சம்பளம் வந்தது, எந்த வீட்டில் வரவில்லை என்பதை அரிசி, பால்மாவுக் கணக்கே சொல்லிவிடும். சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டுக் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு தாய். புருஷன் தலாக் சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பிள்ளைகளுக்கு ஒரு காசும் அனுப்பவில்லை. அந்தத் தாய் நம்மிடமும் இன்னும் இரண்டு பெரியவர்களிடமும் வந்து யோசனை கேட்டார். பொறுமையாக இரு லாத்தா, அல்லாஹ் பார்த்துக்கொள்வான், குடும்ப விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் மானத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நாம்தான் சொன்னோம். அந்தப் பொறுமை மூன்று வருஷம் நீடித்தது. மூத்த பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவப் போனான். அவனை அங்கே ஈரக் கையோடு கண்ட அன்றுதான், நாம் சொன்ன பொறுமைக்கு விலை கொடுத்தது யார் என்பது நமக்கு விளங்கிற்று.

பிறகு அந்தத் தாயோடு துணைக்கு நாமும் நம் வீட்டாரும் ஷரியா கோர்ட்டுக்குப் போனோம். அங்கே ஓர் இளம் ஷரியா வக்கீல், பிள்ளையின் செலவு தகப்பன் மீது கடமை என்பது கித்தாபில் மட்டுமல்ல, நாட்டின் சட்டத்திலும் எழுதியிருக்கிறது என்று பிரிவு பிரிவாக எடுத்துக் காட்டினார். இதையெல்லாம் யார் எழுதி வைத்தது என்று கேட்டோம். பல பேர் சேர்ந்து எழுதியது, ஆனால் அவர்களில் முதலாகச் சொல்ல வேண்டியவர் ஒருவர் என்று சொல்லி, தாம் படித்த சட்டக் கல்லூரிக்கே சூட்டியிருக்கும் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்தான் அஹ்மது இப்ராஹீம்.

இங்கே ஒரு சிறு விளக்கம். இரண்டாம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகிறவர்கள் அங்கே ஜாலான் அஹ்மது இப்ராஹீம் என்ற சாலையைப் பார்த்திருப்பார்கள். அது 1962-இல் காலமான அமைச்சர் ஒருவரின் பெயர். அவரும் சமூகத்துக்கு உழைத்தவர்தான். ஆனால் நாம் எழுதுவது அவரைப் பற்றி அல்ல. பெயர் ஒன்று, ஆள் வேறு.

நம் சரிதை நாயகர் அஹ்மது பின் முஹம்மது இப்ராஹீம் அவர்கள் 1916-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தார்கள். இந்திய முஸ்லிம் வழிவந்தவர்கள். விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியிலும், பிறகு ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனிலும், ராஃபிள்ஸ் கல்லூரியிலும் படித்தார்கள். படிப்பில் முதல் வரிசை. அக்காலத்தில் மலாயாப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்க ஆசைப்பட்ட பெரிய பரிசு குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் என்னும் உபகாரச் சம்பளம். ஓர் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அது கிடைக்கும். அது அன்னாருக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, லண்டனில் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனார்கள். இப்படிப் படித்தவர்கள் பெரிய கம்பெனிகளின் வழக்குகளை எடுத்து நடத்திச் செல்வம் சேர்க்கலாம். அன்னாரின் பெயர் நிலைத்ததோ குடும்ப வழக்குகளிலும், முஸ்லிம்களின் விவாகச் சட்டத்திலும்தான்.

யுத்தம் முடிந்த சில வருஷங்களில் சிங்கப்பூரையே உலுக்கிய ஒரு வழக்கு வந்தது. நம் வயதானவர்கள் நத்ரா வழக்கு என்று சொல்லுவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1937-இல் ஜாவாத் தீவில் ஒரு டச்சுக் குடும்பத்தில் மரியா ஹெர்டோ என்ற பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் டச்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் வந்ததும் அவரைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனான். தாய்க்கோ வீடு நிறையப் பிள்ளைகள். அந்தச் சமயத்தில் குழந்தை மரியா, திரெங்கானு கெமாமானைச் சேர்ந்த ஆமினா என்ற மலாய் மாதின் கைக்குப் போயிற்று. வளர்ப்புப் பிள்ளையாகவே கொடுத்தார்கள் என்பது ஆமினாவின் கட்சி. கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தோம் என்பது பெற்றவர்களின் கட்சி. ஆமினா அக்குழந்தைக்கு நத்ரா என்று பெயரிட்டு, முஸ்லிமாக வளர்த்து, 1947-இல் தம் சொந்த ஊரான கெமாமானுக்குக் கூட்டி வந்தார். பிள்ளைக்குத் தெரிந்த உம்மா ஆமினாதான்.

பெற்றவர்கள் யுத்தம் முடிந்ததும் மகளைத் தேடினார்கள். இருக்குமிடம் தெரிந்ததும் டச்சு கான்ஸல் மூலம் 1950 ஏப்ரலில் சிங்கப்பூர் ஐகோர்ட்டில் மனுப் போட்டார்கள். மே மாதம் 19-ஆம் தேதி பிள்ளையை டச்சு கான்ஸலிடம் ஒப்படைக்க உத்தரவாயிற்று. ஆமினா அப்பீல் செய்தார். ஜூலை 28-ஆம் தேதி, வழக்குத் தொடுத்த முறையில் குறை இருந்தது என்று அந்த உத்தரவு தள்ளுபடியாகி, பிள்ளை ஆமினாவிடம் திரும்பிற்று. நாலு நாள் கழித்து, ஆகஸ்டு 1-ஆம் தேதி, 13 வயது நத்ராவுக்கும் மன்சூர் அதபி என்ற 22 வயது ஆசிரியருக்கும் நிகாஹ் மட்டும் நடந்தது. குடித்தனம் பிறகு என்று ஏற்பாடு.

இது வழக்கை இன்னும் சிக்கலாக்கியது. மறுபடியும் வழக்கு வந்தது. ஆமினாவின் தரப்பிலும் மன்சூர் அதபியின் தரப்பிலும் நின்று வாதாடிய வக்கீல் நம் அஹ்மது இப்ராஹீம் அவர்கள். அப்போது அவர்களுக்கு வயது 34. டிசம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தகப்பனின் நாட்டுச் சட்டமே பிள்ளைக்கும் பொருந்தும், அந்தச் சட்டப்படி இந்த நிகாஹ் செல்லாது, பிள்ளையைப் பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நத்ராவைக் கிறிஸ்தவக் கன்னிமாடம் ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே எடுத்த படங்களைப் பத்திரிகைகள் போட்டன. ஊர் கொதித்தது. பர்மாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் பத்திரிகை நடத்திய நம் தமிழ் முஸ்லிம் தலைவர் கரீம் கனி அவர்களும் மற்றவர்களும் நத்ராவுக்காகக் கமிட்டி அமைத்துக் கிளர்ச்சி செய்தார்கள். டிசம்பர் 11-ஆம் தேதி கோர்ட்டில் அப்பீல் விசாரணை நடந்த அன்று வெளியே கலகம் மூண்டது. மூன்று நாள் நடந்த அந்தக் கலகத்தில் 18 பேர் மாண்டார்கள்; 173 பேர் காயமடைந்தார்கள். மறுநாளே பிள்ளையை விமானத்தில் ஏற்றி ஹாலந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் 2009-ஆம் ஆண்டு ஹாலந்தில், 72-ஆம் வயதில் மறைந்தார்.

சகோதரர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 18 உயிர் போயிற்று. பிள்ளை திரும்பி வந்ததா? வரவில்லை. பெற்ற தாய் ஒரு பக்கம், வளர்த்த தாய் ஒரு பக்கம், இரண்டு மதம், இரண்டு தேசம், இவ்வளவு பேரும் இழுத்த இழுப்பில் நடுவில் நின்றது 13 வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நல்லது எது என்ற கேள்வி எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அமுங்கிப் போயிற்று. நம் ஆட்களின் கோபம் நியாயமானது என்றே நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இருக்கலாம். ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு அவசரமாக நிகாஹ் செய்து வைத்ததும் பிள்ளையைப் பற்றி யோசித்துச் செய்த காரியமா என்று இன்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த வழக்கில் தோற்ற வக்கீல் அதன் பிறகு செய்தது என்ன? தெருவில் இறங்கவில்லை. ஒதுங்கிப் போகவும் இல்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒழுங்கான, எழுதப்பட்ட சட்டமும் அதை நடத்த ஒழுங்கான கோர்ட்டும் வேண்டும் என்று அடுத்த ஐம்பது வருஷம் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

அந்நாளில் சிங்கப்பூர் முஸ்லிம்களின் விவாக நிலைமை வெட்கப்படத்தக்கதாக இருந்தது. 1950-களில் 100 நிகாஹ் நடந்தால் ஏறக்குறைய 50 தலாக் பதிவாயிற்று. காதியிடம் போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. பெண் கூட வர வேண்டும் என்பதில்லை; ஏன் என்று கேட்பாரில்லை. பிள்ளைகளின் கதியை விசாரிக்க ஓர் இடமும் இல்லை. 1957-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டம் ஒன்று சட்டசபையில் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்ததில் அன்னாருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன்படி 1958-இல் சிங்கப்பூரில் ஷரியா கோர்ட்டு ஏற்பட்டது. புருஷனும் மனைவியும் இசைந்தால் காதி பதிவு செய்யலாம். இசையாவிட்டால் கோர்ட்டு விசாரிக்க வேண்டும். நஃபகாவுக்கும் கோர்ட்டு உத்தரவு போடலாம் என்றாயிற்று. பலன் என்ன? பத்து வருஷத்துக்குள் தலாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் மார்க்கம் தலாக்கை மலிவாக்கவில்லை. மலிவாக்கியவர்கள் நாம். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்றதும் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

1959-இல் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றபோது அஹ்மது இப்ராஹீம் அவர்கள் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக நியமனம் பெற்றார்கள். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானதும் அதன் முதல் அட்டர்னி ஜெனரலும் அன்னாரே. அந்தப் பதவியில் இருந்த காலத்தில் இரண்டு பெரிய சட்டங்கள் நிறைவேறின. ஒன்று 1961-இன் மாதர் சாசனம். முஸ்லிம் அல்லாதாரின் விவாகங்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதியும், மனைவிக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் பெறும் வழியும் அதில் வகுக்கப்பட்டன. மற்றொன்று 1966-இன் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். இன்று அங்கே நடக்கும் முயிஸ் என்னும் இஸ்லாமிய மன்றம் அந்தச் சட்டத்தின் கீழ் 1968-இல் அமைந்ததுதான். அதாவது, முஸ்லிம் பிள்ளையானாலும் சரி, மற்றச் சமூகத்துப் பிள்ளையானாலும் சரி, தகப்பன் கைவிட்டால் சட்டம் கைகொடுக்க வேண்டும் என்ற வேலை இரண்டு பக்கமும் நடந்தது.

பிறகு எகிப்தில் சிங்கப்பூரின் தூதராகவும் சிறிது காலம் இருந்துவிட்டு, 1969-இல் அன்னார் மலேசியாவுக்கு வந்தார்கள். இதுதான் நம் நாட்டுக்குக் கிடைத்த பாக்கியம். அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் கரும்பலகை முன் நிற்கும் வாத்தியார் ஆனார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972-இல் சட்டப் பீடம் தொடங்கியபோது அதற்கு முதல் டீன் அன்னார். 1983-இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கும் சட்டக் கல்லூரிக்கு முதல் டீன். நாட்டுச் சட்டத்தையும் ஷரியாவையும் ஒரே மாணவன் இரண்டு கண்ணாகப் படிக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் ஏற்பாடு. நாம் கோர்ட்டில் சந்தித்த இளம் வக்கீல் அந்தத் தோட்டத்துச் செடிதான்.

இனி நம் ஜமாஅத்தார் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதிக்கு வருகிறோம். 1984-இல் கூட்டரசுப் பிரதேசங்களுக்கு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1987-இல் அமுலுக்கு வந்தது. அதை வகுத்தவர்களில் அஹ்மது இப்ராஹீம் அவர்கள் தலையாயவர்கள். மற்ற மாநிலங்களும் ஏறக்குறைய அதே மாதிரியில் சட்டம் செய்துகொண்டன. நம் ஜொகூரின் 2003-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமும் அந்த வழியில் வந்ததே. ஜொகூருக்கு எழுதப்பட்ட சட்டம் புதிதல்ல. துருக்கிக் கலீஃபாக்களின் மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பை மலாயில் பெயர்த்து 1913-லேயே அமுலுக்குக் கொண்டுவந்த மாநிலம் இது.

அந்தக் குடும்பச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதை நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு விளங்கும்படி சொல்கிறோம்.

முதலாவது, பிள்ளை தாயிடம் இருந்தாலும் செலவு தகப்பன் பொறுப்பு. உண்ண, உடுக்க, இருக்க, வைத்தியம் பார்க்க, படிக்க, எல்லாம். 18 வயது வரை இந்தக் கடமை உண்டு. பிள்ளை மேற்படிப்புப் படித்தாலோ, உடலிலோ மனத்திலோ குறையுள்ளதாக இருந்தாலோ கோர்ட்டு அதற்கு மேலும் நீட்டலாம். பிள்ளையை என்னிடம் அனுப்பாவிட்டால் காசு தரமாட்டேன் என்று சொல்லும் தகப்பன்மார்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டாவது, சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமை முதலில் தாய்க்கே. ஆண் பிள்ளைக்கு 7 வயது வரை, பெண் பிள்ளைக்கு 9 வயது வரை. வேண்டுமானால் கோர்ட்டு அதை 9 என்றும் 11 என்றும் நீட்டலாம். அந்த வயதுக்குப் பிறகு, நல்லது கெட்டது தெரிந்த பிள்ளை யாரிடம் இருக்க விரும்புகிறது என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு. கோர்ட்டு வேறு விதமாக உத்தரவிட்டால் ஒழிய, பிள்ளையின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு. நம்மில் ஹனஃபிகளும் இருக்கிறோம், ஷாஃபிகளும் இருக்கிறோம். மேலே சொன்ன வயதுக் கணக்கு ஹனஃபி வழியில் வந்தது; எகிப்தில் 1929-இல் செய்த சட்டத்திலும் அதே கணக்கு இருக்கிறது. பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஷாஃபி வழி. இரண்டு மத்ஹபிலும் பிள்ளைக்கு எது நன்மையோ அதை எடுத்துக் கோத்திருக்கிறார்கள். நம் ஊரில் மத்ஹபைச் சொல்லிப் பள்ளிவாசல் திண்ணையில் சண்டை போட்ட காலம் உண்டு. அதே இரண்டு மத்ஹபையும் வைத்துப் பிள்ளைக்குக் குடை பிடிக்கலாம் என்று இந்தச் சட்டம் காட்டுகிறது.

மூன்றாவது, தாய் மறுமணம் செய்தால் பிள்ளையைப் பறித்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சும்மா சொல்லவில்லை. பிள்ளைக்கு மஹ்ரம் அல்லாத ஒருவரை அவர் மணந்து, அதனால் பிள்ளையின் நலம் கெடும் என்று கண்டால்தான் அந்த உரிமை போகும். எந்த வழக்கிலும் கோர்ட்டு முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் நலமே.

நான்காவது, வளர்ப்புப் பிள்ளை. நம் மார்க்கத்தில் வளர்ப்புப் பிள்ளைக்கு வம்ச உரிமை வராது என்பது தெரியும். ஆனால் ஒருவர் ஒரு பிள்ளையைத் தம் குடும்பத்தில் ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டால், பெற்றவர்கள் கவனிக்காத அளவுக்கு அந்தப் பிள்ளையைப் பராமரிப்பது அவர் கடமை என்று சட்டம் சொல்கிறது. இதைக் கேட்டபோது நமக்கு நத்ராவின் நினைவு வந்தது. கையில் எடுத்த பிள்ளையை நினைத்தபோது கீழே வைத்துவிட முடியாது.

ஐந்தாவது, நிகாஹ் வயது. ஆணுக்கு 18, பெண்ணுக்கு 16. அதற்குக் குறைந்தால் ஷரியா நீதிபதியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்று 1984 சட்டம் வைத்தது. 2018-இல் சிலாங்கூர் பெண்ணுக்கும் 18 என்று உயர்த்திற்று. அந்த 13 வயதுப் பிள்ளையின் நிகாஹோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்பது தெரியும்.

ஷரியா கோர்ட்டின் தீர்ப்பை வேறு கோர்ட்டுகள் மாற்றி எழுதக்கூடாது என்பதும் அன்னாரின் நெடுநாள் கோரிக்கை. காதி செய்த பிள்ளை ஏற்பாட்டை ஐகோர்ட்டு மாற்றிய வழக்குகள் அந்நாளில் நடந்தன. 1988-இல் நாட்டின் அரசியல் சட்டத்தின் 121-ஆம் விதி திருத்தப்பட்டு, ஷரியா கோர்ட்டின் அதிகாரத்தில் உள்ள விஷயங்களில் மற்றக் கோர்ட்டுகள் தலையிடுவது நின்றது.

உண்மையை எழுத வேண்டும் என்றால் இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். பிற்காலத்தில் சில வீடுகளில், முஸ்லிம் அல்லாத தம்பதிகளில் ஒருவர் இஸ்லாத்துக்கு வந்து, மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளைகளையும் மாற்றிப் பதிவு செய்தபோது, அந்தத் தாய் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று தெரியாமல் வருஷக் கணக்கில் அலைந்தார். 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையின் மதத்தை மாற்றப் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் சகோதரர்கள் சிலருக்கு இது கசந்தது. ஆனால் 1950-இல் ஒரு பிள்ளையைத் தாய் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கண்ணீர் விட்டவர்கள் நாம். தாயின் கண்ணீருக்கு மதம் கிடையாது என்பது நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரிய வேண்டும்?

அன்னார் எழுதிய சட்டம் அப்படியே நின்றுவிடவும் இல்லை. 1994-இல் கூட்டரசுப் பிரதேசச் சட்டத்தைத் திருத்தியபோது, கோர்ட்டுக்கு வெளியே சொன்ன தலாக்கையும் பிறகு வந்து பதிவு செய்துகொள்ள வழி விட்டார்கள். கோர்ட்டுக்கு வெளியே தலாக் சொல்வது குற்றம் என்ற விதியும் இருக்கிறது. சொல்லிவிட்டு வந்தால் பதிவதற்கு வழியும் இருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்களை நாம் பார்க்கிறோம். சட்டம் வேலி போட்டாலும், வேலியைத் தாண்டுகிறவனை ஊர் பெரிய மனிதனாக மதித்தால் வேலிக்கு என்ன மதிப்பு?

அஹ்மது இப்ராஹீம் அவர்கள் டான்ஸ்ரீ பட்டம் பெற்றார்கள். மலாயா, சிங்கப்பூர், புருணை நாடுகளின் முஸ்லிம் சட்டத்தைப் பற்றி ஏராளமாக எழுதினார்கள். 1965-லேயே குடும்பச் சட்டத்தில் முஸ்லிம் பெண்களின் நிலையைப் பற்றித் தனி நூல் எழுதியவர்கள். கடைசி மூச்சு வரை சட்டக் கல்லூரியின் பொறுப்பை விடவில்லை. 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி, 82-ஆம் வயதில் இவ்வுலகைப் பிரிந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரிக்கே அஹ்மது இப்ராஹீம் சட்டக் கல்லூரி என்று பெயர் வைத்தார்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது. நம் ஜமாஅத்தில் கைவிடப்பட்ட தாய் ஒருவர் வந்து யோசனை கேட்டால், பொறுமை என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடாதீர்கள். பொறுமை உயர்ந்த குணம். ஆனால் பசித்த பிள்ளையின் பங்கையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ள நமக்கு யார் உரிமை கொடுத்தது? ஷரியா கோர்ட்டுக்குப் போக வழி சொல்லுங்கள். வசதியில்லாதவர்களுக்கு அரசின் சட்ட உதவித் துறை குடும்ப வழக்குகளையும் நடத்திக் கொடுக்கிறது. உத்தரவு வந்தும் தகப்பன் நஃபகா கட்டாவிட்டால், அதை வசூலிக்க உதவும் குடும்ப ஆதரவுப் பிரிவு ஷரியா நீதித்துறையில் இருக்கிறது. மலாய் மொழியில் மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நம் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், நம் சங்கத்தில் இதற்கென ஒருவர் உட்கார்ந்தால் எத்தனையோ வீட்டில் அடுப்பெரியும். இதை நிர்வாகிகள் யோசிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

தகப்பன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோடு ஒத்துப் போகவில்லை என்றால் பிரிவதற்கு மார்க்கம் வழி வைத்திருக்கிறது. பிள்ளையைப் பிரிவதற்கு ஒரு வழியும் வைக்கவில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே எதீமாக நிற்கும் பிள்ளையைப் பற்றி நாளைக்கு மறுமையில் கேள்வி வரும். கடைக்காரன் கடன் நோட்டை நாம் கிழித்துப் போட்டுவிடலாம். அந்த நோட்டை யார் கிழிப்பது?

நாம் முதலில் சொன்ன தாய்க்கு நஃபகா உத்தரவு கிடைத்தது. மாதாமாதம் பணம் வருகிறது. சில மாதம் தாமதமாக வருகிறது. மூத்த பையன் மறுபடி பள்ளிக்கூடம் போனான், ஒரு வருஷம் பிந்தி. அந்த ஒரு வருஷம் நாம் அவனிடம் பட்ட கடன். அதை நாம் தீர்க்க முடியாது. இன்னொரு பிள்ளைக்கு அந்தக் கடன் ஏறாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

மர்ஹூம் அஹ்மது இப்ராஹீம் அவர்களின் கப்றை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அன்னார் விட்டுச் சென்ற வேலையில் நமக்கும் ஒரு சிறு பங்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.